நீலமலையில் 'மாக்பெத்' பயின்ற கதை

நீலகிரியில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடங்களையும், அவற்றை நிறுவிய பெருமக்களையும் பற்றியே பேசுவர். அங்கே எந்த நூல் எவ்வாறு பயிற்றப்பட்டது, கேட்ட பிள்ளைகளின் நெஞ்சில் அது என்னவாகத் தங்கியது என்பன ஏட்டில் ஏறுவதில்லை. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' என்னும் ஒரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அக்குறையில் சிறிது நிரப்ப முயல்கிறேன்.

படைவீரர்தம் பிள்ளைகளுக்காக 1858-இல் தொடங்கப்பெற்ற லாரன்ஸ் பள்ளி, பின்னர் லவ்டேலில் சிசோம் வரைந்த பெருங்கட்டடத்தில் நிலைகொண்டது. உதகையிலும் குன்னூரிலும் வேறு பள்ளிகள் எழுந்தன. அங்குப் பயின்றோர்க்கு ஷேக்ஸ்பியர் தேர்வுப் பாடமாகவும் மேடைக் கலையாகவும் கிடைத்தார். விடுதலைக்குப் பின்னர் ஜெஃப்ரி கெண்டலின் 'ஷேக்ஸ்பியரானா' குழு இந்தியப் பள்ளிகள் பலவற்றுக்கும் சென்று அவருடைய நாடகங்களை நடித்துக் காட்டியது. அத்தகைய குழு ஒன்றின் கதையே 1965-இல் 'ஷேக்ஸ்பியர் வாலா' என்னும் திரைப்படமாயிற்று.

இந்நாடகத்திற்கும் தேயிலை மலைக்கும் வேறோர் உறவும் உண்டு. இது ஸ்காட்லாந்தின் கதை. மாக்பெத் அந்நாட்டை 1040 முதல் 1057 வரை ஆண்ட மெய்யான அரசன். அவனுக்கு முன் ஆண்ட டங்கன் போரில் மாண்டான் என்பதே வரலாறு. விருந்தினனாக வந்து உறங்குகையில் குத்துண்டு இறந்தான் என்பது நாடகம். 1606-ஐ ஒட்டி இது எழுதப்பட்டபோது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ். அவர்தம் குலமுதல்வனாகக் கருதப்பட்ட பாங்கோவைப் புலவர் மாசற்றவனாகவே படைத்தார். அரண்மனைப் புலவர் எந்நாட்டிலும் ஒருவகையினரே! இலங்கையில் 1867-இல் தேயிலைப் பயிரைத் தோட்டத் தொழிலாக்கிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. நம் மலையிலும் கிளன்டேல், கிளன்மார்கன் என்று பெயர்கள் வழங்குகின்றன. 'கிளன்' என்பது ஸ்காட்லாந்தில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். மாக்பெத்தின் பனிமூட்டத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இந்நாடகம் மிக முன்னரே வந்துவிட்டது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கியது போலவே 'மாக்பெத்'தை 'மகபதி' ஆக்கினார். ஒலிக்கும் பொருந்தி, அரசனுக்கும் பொருந்தும் அப்பெயரை வியவாதிருக்க இயலாது. எனினும் இந்நூல் ஒன்று உண்டென்பதை முனைவர் பட்ட ஆய்வின்போதுதான் அறிந்தேன். ஆங்கில வகுப்பில் தமிழ் நூலைச் சுட்டுவதும், தமிழ் வகுப்பில் ஆங்கில நாடகத்தைச் சுட்டுவதும் எங்கள் பள்ளியில் வழக்கமில்லை.

நான் மாக்பெத்தைச் சந்தித்தது 1995-இல், பத்தாம் வகுப்பில். சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் 1807-இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து எங்கள் ஆசிரியர் அதனைப் படித்துக் காட்டினார். மாக்பெத்தை அழித்த குணத்திற்கு அவர் கரும்பலகையில் எழுதிய தமிழ்ச்சொல் 'பேராசை'. பின்னர்ப் பின் வரிசையில் இருந்த எங்களை நோக்கி, "லயத்துப் பிள்ளைகள் இதை நன்றாக நினைவில் வையுங்கள், கொழுந்து எடுக்கிற வீட்டிலிருந்து வந்து கலெக்டர் கனவு காணக் கூடாது" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்; அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அச்சொல் பிழையானது என்பதை உணரப் பல்லாண்டுகள் ஆயின. நாடகத்தில் மாக்பெத்தின் மனைவி, உயர விரும்பும் இயல்பு தன் கணவனுக்கு உண்டு, அதற்குத் துணையாக வேண்டிய தீமைதான் இல்லை என்று குறைப்படுகிறாள். விருப்பம் வேறு, தீமை வேறு என்று மூலமே பிரித்துக் காட்டும்போது, 'பேராசை' என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது. வள்ளுவரும் 'அவாவறுத்தல்' என ஓர் அதிகாரமும், 'ஊக்கமுடைமை' எனத் தனியே ஓர் அதிகாரமும் வைத்தார். ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல்லைத் தமிழாக்க இவ்விரண்டும் வேண்டும். எங்கள் வகுப்பில் ஊக்கம் முன்வரிசைக்கும் அவா பின்வரிசைக்கும் பங்கிடப்பட்டது.

என் தந்தையார் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவராக்கியது. அவர்களுள் அவரும் ஒருவர். அவ்வாறு வந்தோர்க்கென 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அன்று மாலை, ஆசிரியர் சொன்னதை மறைத்து, கதையை மட்டும் அவரிடம் கூறினேன். மன்னனைக் குத்திய பின்னர், உறங்கிக் கிடந்த காவலர்களின் முகத்தில் குருதியைப் பூசிப் பழியை அவர்கள்மேல் போட்டதைச் சொன்னபோது நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் காவக்காரங்க பேரு என்ன புள்ள?"

"புத்தகத்துல இல்லப்பா."

"அவங்க என்ன ஆனாங்க?"

லாம்பின் சுருக்கத்தைக் கேட்டிருந்த எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரியில் முழு நாடகத்தையும் பயின்றபோது அந்த இடத்தைத்தான் முதலில் தேடினேன். விசாரணைக்கு முன்பே, மன்னன் மீதுள்ள அன்பினால் சினம் தாங்காதவன் போல, மாக்பெத்தே அவர்களை வெட்டிவிடுகிறான். அவர்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயர் அங்கும் இல்லை. விடுமுறைக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலைப் பெரட்டுக்கு நேரமாயிற்று என எழுந்து போனார்.