சிம்ப்யூட்டர்: கைக்கு எட்டாத கைக்கம்ப்யூட்டர்

ஐபேட் வந்தது 2010 ஏப்ரல்ல. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 2001 ஏப்ரல்லயே, பெங்களூருல நம்மாளுங்க ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரைச் செஞ்சு காட்டிட்டாங்கன்னு சொன்னா இப்ப உள்ள பசங்க நம்ப மாட்டேங்குறாங்க. திரையைத் தொட்டா வேலை செய்யும். உள்ளே லினக்ஸ் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு இந்திய மொழியில வாய்விட்டுப் படிச்சும் காட்டும். பேரு சிம்ப்யூட்டர். எளிமை, மலிவு, பலமொழி, மக்கள் கம்ப்யூட்டர்ங்கிற நாலையும் ஆங்கிலத்துல சுருக்கி வச்ச பேரு.

செஞ்சவங்க இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நாலு பேர்: விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய். கூடவே என்கோர் கம்பெனி வினய் தேஷ்பாண்டே. 1999ல சிம்ப்யூட்டர் டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வடிவமைப்பை யார் வேணா பாக்கலாம்னு திறந்து வச்சாங்க. 206 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், கறுப்பு வெள்ளைத் திரை. இன்னிக்கு சிரிப்பா இருக்கும், ஆனா அப்ப அமெரிக்காக்காரன் சட்டைப்பையில வச்சிருந்த பாம் பைலட்டும் பெரிசா ஒண்ணும் இல்லீங்க.

எனக்கு இதுல பிடிச்சது மெஷின் இல்ல, அதுல சொருகுற ஸ்மார்ட் கார்டு. அவங்க போட்ட விலைக் குறி 200 டாலர், அன்னிக்குக் கணக்குல 9,000 ரூபா. கிராமத்து ஆளு வாங்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால, பஞ்சாயத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ கடையிலயோ ஒரு மெஷின் பொதுவா இருக்கட்டும், வாடகைக்கு எடுத்துக்கட்டும், அவங்கவங்க விவரம் அவங்கவங்க கார்டுல இருக்கட்டும்னு யோசிச்சாங்க. கம்ப்யூட்டர் பொது, கணக்கு தனி.

இதை எங்க ஊரு பொதட்டூர்பேட்டையில வச்சுப் பாருங்க, அருமை புரியும். தறி ஓடுற ஊரு. நூல் கொடுக்குறது முதலாளி, துணியைத் திருப்பி வாங்குறது முதலாளி. எத்தனை பாவு போச்சு, எத்தனை உருப்படி வந்துச்சு, கூலி எவ்வளவு, முன்பணத்துல எவ்வளவு கழிஞ்சுது, எல்லாம் அவர் நோட்டுல. முதலாளி நல்லவரா இருக்கலாம், அது வேற விஷயம். ஆனா கணக்கு யார்கிட்ட இருக்கோ பேச்சும் அவர்கிட்டதான். அந்தக் கணக்கு ஒரு கார்டுல நெசவாளி மடியில இருந்து, கடையில இருக்குற மெஷின் அதை அவருக்குப் படிச்சுக் காட்டினா? தறிகாரர் கூலி பேசுற தோரணையே மாறியிருக்குமே!

கற்பனைதான். நடந்தது என்னன்னா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிச்ச அமிடா சிம்ப்யூட்டர் 2004 மார்ச்லதான் கடைக்கு வந்துச்சு. மெஷினைச் சாய்ச்சா, ஆட்டினா உணர்ற சென்சார் எல்லாம் அதுல இருந்துச்சு (ஐபோன் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி சாமி!). 50,000 விக்கணும்னு நெனச்சாங்க. 2005 வரைக்கும் வித்தது சுமார் 4,000.

விலைதான் காரணம்னு பல பேர் சொல்றாங்க. எனக்கு அது பாதிதான்னு தோணுது. அமிடா வர்றதுக்கு முந்தின வருஷமே, 2003 மே மாசத்துலயிருந்து செல்போன்ல இன்கமிங் இலவசமாயிடுச்சு. அதே வருஷம் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் கொடுக்க ஆரம்பிச்சான். டார்ச் லைட் வச்ச நோக்கியா 1100ம் அப்பதான் வந்துச்சு. போனை எடுத்தா அந்தப் பக்கம் மச்சானோ, சம்பந்தியோ, நூல் வியாபாரியோ இருக்காங்க. சிம்ப்யூட்டரைத் திறந்தா அந்தப் பக்கம் யாரு? விலை நிலவரத்தைத் தினமும் ஏத்த ஆள் வேணும், அதைக் கொண்டுவர லைன் வேணும். லைனுக்கு வழி சென்னை ஐஐடியில அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கண்டுபிடிச்சது: கார்டெக்ட்னு ஒயர்லெஸ், ஒரு கோபுரத்துலயிருந்து 10 கிலோமீட்டருக்குப் பேச்சும் இன்டர்நெட்டும். மேலூர் பக்கம் கிராமங்கள்ல கியாஸ்க் எல்லாம் வச்சாங்க. லைனுக்கு வழி பொறந்தாலும், தினம் தகவல் ஏத்துற ஆளு ஊருக்கு ஊரு எங்கேர்ந்து வருவாரு?

வித்த சிம்ப்யூட்டர்லாம் எங்க போச்சுன்னு பாத்தாதான் சுவாரசியம். கர்நாடகாவுல நில ஆவண வேலைக்கு. மைசூர்ல சங்கமித்ரா சிறுகடன் அமைப்புக்கு. கோவாவுல டெம்போ கம்பெனி இரும்புத்தாது லோடைக் கணக்கு வைக்க. மஹிந்திராவுல வண்டி இன்ஜின் சோதிக்க. கவனிச்சீங்களா? மெஷினைப் பிடிச்சிருந்த கையெல்லாம் ஊழியர் கை. கடன் வாங்கின அம்மா கையிலயோ நிலத்துக்காரர் கையிலயோ அது இல்ல.

அப்புறம் டேப்லெட் ஜுரம். 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். ஏழு இஞ்ச் திரை, 366 மெகாஹெர்ட்ஸ், அரசாங்கம் வாங்கின விலை சுமார் 50 டாலர். உலகமே வாயப் பொளந்துச்சு, பசங்க கையில போனதும் மெதுவா ஓடுது, பேட்டரி நிக்கலன்னு புலம்பல். அதுக்கு மூணு வாரம் முன்னாடி, செப்டம்பர் 15 அன்னிக்கு, நம்ம மாவட்டத்துலயே காக்களூர்ல ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. டேப்லெட் இல்ல, முழு லேப்டாப். பசங்க சினிமா பாத்தாங்கன்னு குறை சொல்றவங்க உண்டு. பாத்தா பாத்துட்டுப் போகட்டுமே, மெஷின் அவன் பேர்ல இருந்துச்சுல்ல!

பொது மெஷின், தனிக் கார்டுங்கிற அந்தப் பழைய யோசனையும் சாகலீங்க. 2017ல நம்ம ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டாச்சு. கடையில கையடக்க மெஷின், ஆளுக்கு... மன்னிக்கணும், வீட்டுக்கு ஒரு கார்டு. பெங்களூரு பேராசிரியர்கள் 2001ல வரைஞ்ச படம் அப்படியே. ஒரே வித்தியாசம், கார்டு நம்ம கையில, மெஷின் கவுன்டருக்கு அந்தப் பக்கம். திரையும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு. என்ன போட்டாங்கன்னு நாம வீட்டுக்கு வந்து செல்போன் எஸ்எம்எஸ்ல பாத்துக்கணும்.

சிம்ப்யூட்டரை நெசமாவே கையில வச்சு ஓட்டிப் பாத்தவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு வரி சொல்லுங்க. அது தமிழ்ல படிச்சா குரல் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்.