நூலக உரிம ஒப்பந்தங்களில் பன்னாட்டு அமைப்புகளின் விலக்குரிமை

ஐக்கிய நாடுகள் போன்ற பன்னாட்டு அமைப்புகளை ஒரு நாட்டின் நீதிமன்றம் விசாரணைக்கு இழுக்க முடியாதபடி உடன்படிக்கைகள் தரும் பாதுகாப்பே விலக்குரிமை. இவ்வமைப்புகளின் நூலகங்கள் மின்னிதழ்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் சந்தா செலுத்தும்போது, பதிப்பகங்கள் தரும் உரிம ஒப்பந்தம் இந்தப் பாதுகாப்போடு முட்டிக்கொள்கிறது.

1945 ஆம் ஆண்டு ஐ.நா. சாசனத்தின் 105ஆவது உறுப்பு இதற்கு அடித்தளம். 1946 பிப்ரவரி 13 அன்று பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை அதை விரித்துரைத்தது. இந்தியா 1947இல் தனிச்சட்டமே இயற்றி அதற்குத் தன் மண்ணில் சட்ட வலு கொடுத்தது.

பதிப்பகத்தின் வழக்கமான ஒப்பந்தம், தகராறு வந்தால் இன்ன நாட்டுச் சட்டப்படி இன்ன ஊர் நீதிமன்றத்தில் தீர்க்கப்படும் என்கிறது. பல பல்கலைக்கழக நூலகங்கள் இதில் கையெழுத்திடலாம்; ஐ.நா. நூலகத்தால் அப்படிச் செய்ய முடியாது. விலக்குரிமையை அமைப்பே வெளிப்படையாகக் கைவிட்டாலொழிய அது நீங்காது என்கிறது உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு. நீதிமன்ற அதிகாரத்தை ஏற்கும் ஒரு வரி, அப்படிக் கைவிட்டதாக வாதிட இடம் கொடுத்துவிடும். நூலகருக்கு அதைக் கைவிடும் அதிகாரம் கிடையாது. ஆகவே, திரையில் தோன்றும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானைக்கூடச் சட்டப் பிரிவின் ஒப்புதலின்றி அழுத்தக்கூடாது. பயன்பாட்டுப் பதிவேடுகளைப் பதிப்பகம் நேரில் வந்து தணிக்கை செய்யலாம் என்ற நிபந்தனையும் சிக்கலானதே. அமைப்பின் ஆவணங்களில் பிறர் கைவைக்கக் கூடாது என்பது 4ஆம் பிரிவு.

அதனால் பதிப்பகம் கதியற்றுப் போவதில்லை. ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கத் தக்க வழி செய்யவேண்டிய கடமையை 29ஆம் பிரிவு ஐ.நா. மீது சுமத்துகிறது. எனவே நீதிமன்றத்துக்குப் பதிலாக, பன்னாட்டு வணிகச் சட்டத்துக்கான ஐ.நா. ஆணையத்தின் நடுவர் விதிகள் ஒப்பந்தத்தில் இடம்பெறுகின்றன. இதிலுள்ள எதுவும் விலக்குரிமையைக் கைவிட்டதாகாது என்ற வாசகமும் சேர்கிறது. ஆனால் நடுவர் விசாரணை செலவு மிக்கது; சிறு பதிப்பகத்துக்கு இது உண்மையான சுமை, அதன் தயக்கம் நியாயமானதே.

எல்லா அமைப்புகளுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. உலக வங்கியின் நிறுவன ஒப்பந்தம் சில நாடுகளின் நீதிமன்றங்களில் அதன்மீது வழக்குத் தொடர இடமளிக்கிறது. குஜராத்தின் முந்த்ரா அனல்மின் நிலையத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்களும் விவசாயிகளும் அதற்குக் கடன் தந்த, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கில், 1945 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தரும் விலக்குரிமை முழுமையானதல்ல, அயல்நாட்டு அரசுகளுக்கு இன்று உள்ள அளவினதே என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.நா.வுக்கோ தனி உடன்படிக்கையின் பாதுகாப்பு இருக்கிறது. அதனால் ஓர் அமைப்பின் நூலகத்துக்கென எழுதிய விதியை இன்னொன்றின் ஒப்பந்தத்தில் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.