புறவாசல் விதைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோருக்கும் தெரிந்த தோட்டம் ஒன்று உண்டு. பெரியாழ்வாரின் நந்தவனம். துளசிச் செடிக்கு அடியில் கோதை கிடைத்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். ஆடிப்பூரத் தேர் பார்க்க வருகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தோட்டத்தில் பூப்பறித்தவரின் பெயரும், அவர் வளர்த்த மகளின் பெயரும், அந்த மகளின் பாட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இதே ஊரில் அடுப்படிக்குப் பின்னால் கிடந்த புறவாசல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே கத்தரியும் அவரையும் சுரையும் நின்றன. பூ சாமிக்குப் போனது, காய் சட்டிக்குப் போனது. சட்டிக்குப் போனதை யாரும் எழுதி வைக்கவில்லை.

தமிழ் நடத்துகிறவளுக்கு இது உறுத்தாமல் போகாது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வருகின்றன. பறித்தவர்கள் தலைவியும் தோழியும். பட்டியலைச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. வகுப்பில் ஆண்டுதோறும் அதை நடத்துகிறேன். ஆனால் என் அம்மா புறவாசலில் நட்ட அவரைகளின் பெயரைச் சொல்லச் சொன்னால் கோழி அவரை, பட்டை அவரை, தம்பட்டை அவரை என்று மூன்றோடு நின்றுவிடுவேன். அவள் வைத்திருந்தவை அதற்கு மேல்.

அம்மா இறந்து பதினாறு கழிந்தபின் வீட்டை ஒதுக்கினோம். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே ஏழு துணி முடிச்சுகள், சாம்பல் வாசனையோடு. எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கும். விதைக்கு மட்டும் அவளுக்கு எழுத்து தேவைப்படவில்லை. ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு சேலையின் கிழிசல். எந்தச் சேலையில் எந்த விதை என்பது அவளுக்கு மனப்பாடம். ஓலைச்சுவடி படிக்கப் பழகியிருந்த எனக்கு அந்த ஏழு துணிகளைப் படிக்கத் தெரியவில்லை. அந்த வருஷம் ஆடியில் ஏழையும் தனித்தனித் தொட்டியில் விதைத்தேன். இரண்டு முளைத்தன.

விதை எடுப்பதை எங்கள் பக்கத்தில் ‘நெத்துக்கு விடுறது’ என்பார்கள். கேட்பதற்குச் சும்மா விட்டுவிடுவது போல இருக்கும். உண்மையில் அது வரிசையாகப் பல முடிவுகளைக் கொண்ட வேலை. முதலில் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயில்லாத, புழு குறைந்த, நம் நாக்குக்குப் பிடித்த காய் காய்க்கும் செடி. அதில் நன்றாகத் திரண்ட ஒரு காயைத் தேர்ந்து, யாரும் பறித்துவிடாமல் நூல் கட்டிவிட வேண்டும். கத்தரியில் முற்றவிட்ட காய் செடியிலேயே நின்றால் மேற்கொண்டு காய்ப்பது குறையும். அதாவது விதைக்கு விடுவது என்றால் அந்த வீட்டின் சில நாள் குழம்பை விட்டுக்கொடுப்பது. காய் வாங்கக் காசில்லாத நாளிலும் நூல் கட்டிய காயை யாரும் தொடக் கூடாது. அந்தக் கண்டிப்பைக் காத்தவள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

காய் மஞ்சளாகிப் பழுத்ததும் அறுத்து, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்குவதை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி முடிந்துவைப்பார்கள். பீர்க்கும் சுரையும் முழுக்காயாகவே அடுப்புக்கு மேலே தொங்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவைப்பார்கள். அவரை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுறும் என்பதால் குணம் எளிதில் மாறாது. பூசணி, சுரை, பீர்க்கு வகையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை வண்டும் தேனீயும் கொண்டுபோகும். பக்கத்தில் கசப்புச் சுரை நின்றால் இந்த வருஷத்துக் காய் இனிக்கும், அதன் விதையிலிருந்து அடுத்த வருஷம் வருவது கசக்கலாம். இதற்கு விளக்கம் சொல்ல அம்மாவுக்கு மகரந்தச் சேர்க்கை என்ற சொல் தெரியாது. “ரெண்டு சுரையைப் பக்கத்துல பக்கத்துல விடாத” என்று சொல்லத் தெரியும்.

ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால் இன்னொரு வீட்டில் இருக்கும். “மதினி, அந்த வரிக்கத்தரியில எனக்கொரு காய் நெத்துக்கு விடுங்க” என்று சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்பார்கள். என் அம்மாச்சி வத்திராயிருப்பிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தபோது, சேலைகளுக்கு அடியில் விதை முடிச்சு கொண்டுவந்ததாக அம்மா சொல்வாள். பெண்கள் ஊர் மாறியபோது விதையும் ஊர் மாறியிருக்கிறது.

இந்த அறிவு பொதுவில் தெரிந்த இடம் முளைப்பாரி. அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னால், வெளிச்சம் புகாத அறையில், எருவும் வைக்கோலும் இட்ட பாத்திரங்களில் தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம் என்று போட்டு முளைக்கவைப்பார்கள். ஆண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டி, வெளிறிய மஞ்சளில் வளர்ந்த பயிரைத் தலையில் சுமந்துபோய் நீரில் கரைப்பார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதை வளமைச் சடங்காகப் படிக்கிறார்கள். விதையின் முளைப்புத்திறனைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடாகவும் படிக்கிறார்கள். யார் வீட்டு விதை நன்றாக முளைத்தது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மாதவிலக்கான பெண்ணுக்கு அந்த அறையும் மூடியிருந்தது என்பதை மறந்துவிட்டு இந்தச் சடங்கைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எழுதப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கத்தரி ரகங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கோ 2 என்பது கோவைப் பகுதி நெகமத்தின் வரிக்கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. எம்.டி.யு. 1 கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து. கே.கே.எம். 1 குளத்தூர்க் கத்தரியிலிருந்து, கிள்ளிகுளம் கல்லூரியில். பெரியகுளத்தின் பி.கே.எம். 1, மானாவாரியில் தாக்குப்பிடிக்கும் புழுதிக்கத்தரியில் சடுதிமாற்றம் தூண்டி உருவாக்கியது. விஞ்ஞானிகள் செய்த வேலை சின்ன வேலை இல்லை. கலந்து கிடந்ததில் சிறந்த செடியைப் பிரித்து, தலைமுறை தலைமுறையாகச் சோதித்து நிலைப்படுத்தினார்கள். ஆனால் கல்லம்பட்டியிலிருந்து எடுக்க அங்கே ஒரு கத்தரி இருந்திருக்க வேண்டும். அது இருக்க வேண்டுமென்றால் வருஷா வருஷம் யாரோ ஒருத்தி ஒரு காயில் நூல் கட்டியிருக்க வேண்டும். பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

1966இல் விதைச் சட்டம் வந்தது. விற்பனைக்கு வரும் விதையின் தரத்தைக் கண்காணிக்க வந்த அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே நேரடியாக இன்னொருவருக்கு விதைக்கக் கொடுத்தால் சட்டம் குறுக்கிடாது. சுவருக்கு மேலே கைநீட்டிக் கொடுத்த விதையைச் சட்டம் அப்படி விட்டுவைத்தது. 1988இல் வந்த புதிய விதைக் கொள்கை காய்கறி, பூ விதைகளின் இறக்குமதியைத் தளர்த்தியது. பளபளக்கும் பாக்கெட்டுகளில் வீரிய ஒட்டு விதைகள் பெருகின. அவை நன்றாகக் காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். கடைக்குப் பெரும்பாலும் ஆண்கள் போனார்கள். என்ன விதைப்பது என்ற முடிவும் அவர்களோடு போனது.

பிறகு மரபணு மாற்றிய பி.டி. கத்தரி. காய்த்துளைப்பானை எதிர்க்கும் மரபணுவைப் புகுத்தத் தமிழ்நாட்டில் எடுத்துக்கொண்ட ரகங்களில் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1 மூன்றும் உண்டு. நெகமமும் கல்லம்பட்டியும் குளத்தூரும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டன. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை. கர்நாடகத்தின் உள்ளூர்க் கத்தரிகளை உரிய அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்று 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மயச் சட்டத்தின் கீழ்ப் புகார் எழுந்ததும் 2010இல்தான். நாட்டுக் கத்தரி யாருடையது என்ற கேள்வி அப்போது சட்டத்தின் முன் வந்து நின்றது.

பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. அதன் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் தடை. நல்ல பிரிவு. ஆனால் ‘உழவர்’ என்றதும் அலுவலகத்தில் கேட்பது பட்டா. பட்டா எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்பா, அண்ணன் பெயரில் இருக்கும். புறவாசலுக்கு யார் உழவர்?

அங்கீகாரம் கிடைத்த பெண்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ரஹிபாய் போபரே தன் குடிசையில் சேர்த்த நாட்டு விதைகளுக்காக 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒடிசாவின் கோராபுட் பழங்குடிப் பெண் கமலா பூஜாரிக்கு 2019இல் அதே விருது. தெலங்கானாவின் ஜஹீராபாத்தில் தலித் பெண்களின் சங்கங்கள் விதை வங்கிகளை நடத்திக்காட்டின. இவர்களை ‘விதைத் தாய்’ என்று அழைக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். தாய் என்றதும் கூலி கேட்க மாட்டாள், அறிவுக்கு உரிமை கேட்க மாட்டாள் என்று ஆகிவிடுகிறது. ரஹிபாய் செய்தது தேர்வு, சோதனை, பாதுகாப்பு. பல்கலைக்கழகத்தில் செய்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

எங்கள் ஊரில் சங்கிலி ஏன் அறுந்தது? பாக்கெட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ராஜபாளையத்தில் 1936இலேயே நூற்பாலை வந்துவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும். பெண்கள் ஷிப்டுக்குப் போனார்கள், காசு கையில் வந்தது, நூல் கட்டிய காயைக் காத்துக்கொண்டிருக்க நேரம் இல்லாமல் போனது. நான் படித்ததும் வேலைக்கு வந்ததும் புறவாசலை விட்டு வெளியேறியதால்தான். “விதையைக் காக்கப் பெண்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்” என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவள் நானாக இருப்பேன். அம்மாவின் ஏழு முடிச்சில் ஐந்து செத்துப்போனதில் என் பங்கும் இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, வீட்டிலிருந்து ஆளுக்கொரு விதை கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாணவி வெறுங்கையோடு வந்தாள். “எங்க தெருவுல யாருக்கும் புறவாசலே இல்ல மேடம்” என்றாள். ஊரின் கிழக்கே, காலனியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. நான் இவ்வளவு நேரம் பேசியது இடம் இருந்தவர்களின் வரலாறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவளே, “எங்க ஆச்சிக்கு அதலை எங்க கிடக்கும்னு தெரியும்” என்றாள்.

அதலைக்காய் கரிசல் காட்டுக் கொடி. நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பாகலுக்கு உறவு, சிறிய காய், கசப்பு. மழை விழுந்ததும் மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கிலிருந்து தானே துளிர்க்கும். ஐப்பசியிலிருந்து தை வரை காய்க்கும். விதை போட்டு முளைக்கவைப்பது சிரமம். பறித்துவைத்தால் வெடித்துவிடும், அன்றே வதக்க வேண்டும். பிறர் காட்டில் களை எடுக்கப் போன பெண்கள்தான் கிழங்கை வெட்டாமல் தப்பவிட்டு, காயை மடியில் கட்டிவந்து, மிஞ்சியதைச் சந்தையில் கூறுகட்டி விற்றார்கள். களைக்கொல்லி வந்தபின் களையெடுப்புக் கூலியும் போனது, அதலையும் அருகுகிறது. அந்த ஆச்சி எந்த விதையையும் சேமிக்கவில்லை. எதை விட்டுவைப்பது என்று தெரிந்திருந்தாள். அதுவும் விதை காத்தல்தான். அதற்குச் சொந்த நிலம் வேண்டியிருக்கவில்லை. நிலம் இல்லாததால் அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏற வழியும் இல்லை.

ஒரு பதிவேடு இருக்கிறது. உயிரினப் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மக்கள் உயிரினப் பன்மயப் பதிவேடு ஒன்றை அது தயாரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் அந்தக் குழுவில் நியமிக்கப்படுவோரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊராட்சியில் போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் காய் அதில் இருக்கிறதா, அதைக் காத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் நாட்டு விதை வைக்க நினைக்கிறவர்களுக்கு என் சிறிய அனுபவத்திலிருந்து: அவரையிலும் கத்தரியிலும் தொடங்குங்கள், காப்பது எளிது. சுரை, பீர்க்கு, பூசணியில் ஒரு பட்டத்துக்கு ஒரு வகை போதும். ஒரே செடியை நம்பாதீர்கள். கிடைத்த விதையை முழுக்க விதைத்துவிடாமல் பாதியை வையுங்கள். பெயர் எழுதுங்கள். காயின் பெயரோடு, கொடுத்தவரின் பெயரையும் ஊரையும்.

முளைத்த இரண்டில் ஒன்று கொத்தவரை. இன்னொன்று வெள்ளை வரியோடிய, முள்ளுள்ள ஒரு கத்தரி. அதன் பெயர் கேட்டு அம்மாவின் வயதுடைய நான்கைந்து பேரிடம் காட்டினேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வகுப்பில் நாங்கள் தொடங்கிய நோட்டில் நான்கு பெயரையும் எழுதி, ‘கொடுத்தவர்’ என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரையும் அவளுக்குக் கொடுத்த அம்மாச்சியின் பெயரையும் எழுதினேன். அம்மாச்சிக்கு யார் கொடுத்தார் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதே பக்கத்தில் அந்த மாணவியின் கையெழுத்தில் அதலை இருக்கிறது, அவள் ஆச்சியின் பெயரோடு. இந்த வருஷம் ஒரு கத்தரிக்காயில் நூல் கட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் கேட்கலாம். வாங்குகிறவர்கள் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன்.