டெக்கிலா: யாருடைய காலக்கணக்கு?

ஒரு பானத்துக்குப் பெயரிடுவது அதை அடையாளம் காட்டுவதோடு நிற்பதில்லை. யார் காய்ச்சலாம், யார் கூடாது என்று கோடு கிழிப்பதாகவும் ஆகிவிடுகிறது. டெக்கிலாவின் வரலாற்றை இந்தக் கோட்டின் வரலாறாக வாசிக்க இடமிருக்கிறது.

டெக்கிலா என்பது மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து ஊர். பானம் வருவது நீலக் கற்றாழையிலிருந்து. மெக்ஸிகோவிலிருந்து வந்து நம்மூர்த் தண்டவாள ஓரங்களில் முளைத்துக் கிடக்கும் ரயில் கற்றாழையின் இனம் அது. சோற்றுக் கற்றாழை வேறு. ஸ்பானியர் வருமுன்பே அங்குள்ள தொல்குடிகள் கற்றாழைச் சாற்றைப் புளிக்கவைத்து 'புல்கே' என்ற கள்ளாக்கிக் குடித்தார்கள். அஸ்தெக்குகளுக்குக் கற்றாழையே மயாவெல் என்கிற பெண்தெய்வம். 1521இல் அவர்கள் தலைநகர் வீழ்ந்தபின் புல்கே 'கீழான' சனங்கள் குடிக்கிற சமாச்சாரமாயிற்று. 1692இல் மெக்ஸிகோ நகரில் கலவரம் வெடித்தபோது ஆட்சியாளர்கள் பழியைப் புல்கேயின் தலையில் போட்டுத் தடை விதித்தனர்.

கற்றாழையின் பருத்த நடுத்தண்டைச் சுட்டு, நசுக்கி, புளிக்கவைத்து வடித்தது 'மெஸ்கால் ஒயின்'. ஸ்பானிய மது வியாபாரத்தைக் காப்பாற்ற 1785இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் உள்ளூர் வடிமதுவைத் தடை செய்தார். பத்தே வருஷம், 1795இல் நான்காம் கார்லோஸ் குவெர்வோ குடும்பத்துக்கு அதைத் தயாரிக்க அனுமதி தந்தார். நேற்று குற்றமாக இருந்தது இன்று அரசச் சலுகை.

மன்னர் போனார், கோடு போகவில்லை. 1974இல் மெக்ஸிகோ அரசு 'டெக்கிலா' என்ற பெயரையே எல்லைக்குட்படுத்தியது. இன்று ஹலிஸ்கோ முழுவதும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன. 1994இல் 'மெஸ்கால்' என்ற பெயருக்கும் இப்படியே வேலி. இரண்டுக்கும் வெளியே இருக்கிற கிராமத்துக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி வந்தாலும், தன் சரக்கைப் பெரும்பாலும் 'கற்றாழை வடிமது' என்றுதான் விற்க வேண்டியிருக்கிறது. வேலிக்குள் நடந்தது என்ன? 1949 விதிப்படி முழுக்கக் கற்றாழைச் சர்க்கரை. 1964இல் அது 70 சதவீதமாயிற்று, 1970இல் 51. மீதிக்குக் கரும்புச் சர்க்கரை போதும். ஊர் விஷயத்தில் கறார், உள்ளே என்ன இருக்கிறது என்பதில் தாராளம்!

சரி, பாட்டிலை எப்படித்தான் வாசிக்கிறது? முதலில் '100% அகாவே' என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது கலப்பு. அடுத்து வகை. பீப்பாய் காணாதது, அல்லது இரண்டு மாதத்துக்குள் எடுத்தது பிளாங்கோ. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாதம் இருந்தால் ரெபொசாதோ, ஒரு வருஷம் என்றால் அன்யேஹோ, மூன்று வருஷம் என்றால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. கடைசி வகை 2006இல்தான் விதியில் சேர்ந்தது. அதே வருஷம் யுனெஸ்கோ அந்தக் கற்றாழை வயல்களைப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வகைப்பாடு முழுவதும் மரத்தின் காலக்கணக்கு. செடி முதிர ஆறு, எட்டு வருஷம் ஆகும். 'ஹிமதோர்' என்கிற அறுவடைத் தொழிலாளி கூர்வட்ட அலகால் இலைகளைச் சீவித் தண்டை எடுக்கிறார். இந்த வருஷங்களுக்கும் அந்தக் கைக்கும் வகைப் பெயர்களில் இடமில்லை. பூக்க விடாமல் பக்கக் கன்றுகளையே நட்டு நட்டு வயல் முழுக்க ஒரே மரபணுவானது. 1990களின் இறுதியில் நோய் பரவியபோது அதன் விலை தெரிந்தது.

பீப்பாயில் வருஷம் கூடக்கூட உசத்தி என்பது விஸ்கி, பிராந்தியிடமிருந்து வந்த அளவுகோல். அன்யேஹோவில் ஓக்கும் வனிலாவும் முன்னால் வர, கற்றாழை பின்வாங்குகிறது. ஆகவே பிளாங்கோவில் தொடங்குவதே நியாயம். ஐஸ் வேண்டாம்; சிறிய கிளாசில், கொஞ்சம் கொஞ்சமாக. உப்பும் எலுமிச்சையும் மட்டமான சரக்கின் காரத்தை மறைக்கலாம். நல்லதின் ருசியையும் சேர்த்தே மறைக்கும். ஹலிஸ்கோவில் ஆரஞ்சுச் சாறும் மிளகாயும் சேர்ந்த 'சங்ரீதா'வைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பருகுவதுண்டு. சுட்ட தண்டின் இனிப்பு, பச்சை வாசம், மிளகுக் காரம் எல்லாம் நாக்கில் பட்ட பிறகு ரெபொசாதோவுக்கும் அன்யேஹோவுக்கும் போகலாம். மரம் எதைச் சேர்த்தது, எதை எடுத்துக்கொண்டது என்பது அப்போது தெரியும்.

எத்தனை வருஷத்துச் சரக்கு என்று கேட்பவர்கள், செடிக்கு எத்தனை வருஷம் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.