மாறி விழும் சம்மட்டி

ஜப்பானிய மொழியில் 'ஐசுச்சி' என்றொரு சொல் உண்டு. ஒருவர் பேசுகையில் கேட்பவர் இடையிடையே "ஆம்", "அப்படியா" என்று சொல்லித் தாம் செவிமடுப்பதை உணர்த்துவதே அதன் இன்றைய பொருள். நாம் 'உம் கொட்டுதல்' என்கிறோமே, அதுதான். ஆயின் அச்சொல் பிறந்த இடம் கொல்லரின் உலைக்களம். வாள் வடிக்கும் ஆசான் சிறு சுத்தியலால் பழுக்கக் காய்ந்த எஃகின்மீது அடிக்க வேண்டிய இடத்தையும் தாளத்தையும் காட்டுவார். எதிரே நிற்பவர் பெருஞ்சம்மட்டியை ஓங்கி அவ்விடத்தில் இறக்குவார். அவ்வாறு மாறி மாறி விழும் அடியே ஐசுச்சி. நம் சொல்லிலும் 'கொட்டு' என்பது அடித்தலைக் குறிப்பது மாணவர்க்குச் சுட்டிக்காட்டத் தக்கது.

எதிரே நிற்பவர் பெரும்பாலும் மாணாக்கர். சில குடும்பங்களில் பெற்ற மகன். கஸ்ஸான் குடும்பம் அத்தகையது. வட ஜப்பானின் கஸ்ஸான் மலைப்பகுதியில் தோன்றிய அம்மரபின் அடையாளம், வாளின் உடலில் அலையலையாக நெளியும் எஃகு வரி. பின்னாளில் ஒசாகாவில் தொழில் நடத்திய அக்குடும்பத்தின் சதகஸு (1836–1918) நாற்பது வயதை எட்டியபோது பேரிடி விழுந்தது. 1876ஆம் ஆண்டின் ஆணை பொதுமக்கள் வாள் தரிப்பதைத் தடை செய்தது. வாங்குவோர் அற்றுப்போகவே, வாட்கொல்லர் பலர் சமையற்கத்தியும் அரிவாளும் அடிக்கத் தலைப்பட்டனர். சதகஸு வாளை விடவில்லை. மகன் சதகட்சுவையும் அதிலேயே பழக்கினார்.

1906இல் அரண்மனைக் கலைஞராக அமர்த்தப்பட்டபோது தந்தைக்கு வயது எழுபது. சம்மட்டி வேலைக்கு அது ஏற்ற வயதன்று. அவருடைய முதுமைக்கால வாள்கள் பலவற்றை வடித்தவர் மகனே. பிடிக்குள் மறையும் காம்பில் பொறிக்கப்பட்டதோ தந்தையின் பெயர். இது அத்தொழிலில் ஏற்கப்பட்ட வழக்கம். இதனை ஏமாற்று என்று நாம் கொள்ளவில்லை. எனினும் தந்தை மறைந்த 1918இல் சதகட்சு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது, மரபு காக்கப்பட்டதற்கு ஒருவர் தந்த விலையும் நமக்குப் புலனாகிறது. தந்தை பேச, மகன் அத்தனை ஆண்டுகள் உம் கொட்டியிருக்கிறார். பேச்சின் பாதி அவருடையது.

சதகட்சு 1943இல் காலமானார். போர் முடிந்ததும் வெற்றி பெற்ற நேசப்படைகள் வாள் செய்வதையே தடுத்தன. 1950களில்தான் மீண்டும் உலை மூட்ட முடிந்தது. அத்தடையைக் கடந்து வந்த மகன் சதஇச்சி 1971இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதி பெற்றார். அவர் சூடிக்கொண்ட பெயர் பாட்டனாரின் பெயரே. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பாட்டனாருக்குச் 'சதகஸு' என்றும் பேரனுக்குச் 'சதஇச்சி' என்றும் ஒலிப்பார்கள். அவருக்குப் பின் மகன் சததோஷி நாரா மாநிலத்துச் சகுராயில் உலையைத் தொடர்ந்தார். சததோஷியின் மகன் சதநொபு தொழில் கற்றதும் தந்தையிடமே.