சுவர்ப் பூச்சு மரச்சாமானுக்கு வந்த வரலாறு

வீட்டுச் சுவரில் பூசப்படும் வண்ணத்துக்கும் சமையலறை அலமாரியின் கதவில் பூசப்படும் வண்ணத்துக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. சுவர் பூசிய நாளிலிருந்து அசையாமல் நிற்கிறது. அலமாரிக் கதவோ நாள்தோறும் பலமுறை சட்டத்தில் அழுந்தி மூடிக்கொள்கிறது, எண்ணெய்க் கைகளால் பிடிக்கப்படுகிறது, ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கப்படுகிறது. ஆகவே மரச்சாமானின் பூச்சு தூரிகைத் தடமில்லாத வழவழப்பும், நகம் பட்டால் குழியாத கடினமும், மூடிய கதவு ஒட்டிக்கொள்ளாத தன்மையும் ஒருங்கே பெற்றிருக்க வேண்டும். இவை அனைத்தையும் நீரை ஊடகமாகக் கொண்ட, துப்பாக்கியால் தெளிக்கத்தக்க பெயிண்டிடம் எதிர்பார்ப்பது அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கமே. நவீன நீர்வழிப் பெயிண்ட் சுவருக்காகவே உருவானது என்பதும், மரப்பட்டறைக்குள் அதைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் காற்று மாசைக் கட்டுப்படுத்திய சட்டங்களே என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. இன்று ஒரு பூச்சைத் தேர்ந்தெடுப்பவர் சந்திக்கும் குழப்பங்கள் பலவும் இந்தப் பிறப்பிலிருந்தே தொடர்கின்றன.

மரத்துக்கு மேற்பூச்சு கொடுக்கும் பழைய முறைகளுள் இரண்டு பொருள்கள் முதன்மை பெற்றிருந்தன. ஒன்று ஆளிவிதை எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகும் இவ்வெண்ணெயில் ஈயவெள்ளை முதலிய நிறமிகளை அரைத்துச் சேர்த்ததே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பெயிண்டாக வழங்கியது. மற்றொன்று அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து, ஆல்கஹாலில் கரைத்து, துணிப்பந்தால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது பிரெஞ்சு பாலிஷ் எனப்பட்டது. எண்ணெய்ப் பூச்சு ஒவ்வொரு அடுக்குக்கும் நாள் கணக்கில் காத்திருக்க வைத்தது. அரக்கு விரைவில் காய்ந்தாலும் சூடான பாத்திரமும் ஈரமும் பட்ட இடத்தில் வெளுத்துப்போனது. இரண்டும் கைத்திறனை நம்பியவை. ஆலை வேகத்துக்கு இரண்டும் ஒத்துவரவில்லை.

அந்த வேகத்தைத் தந்தது தெளிப்புக் கருவி. 1887-இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு மொத்த வணிகக் கட்டடத்தில் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த ஜோசப் பிங்க்ஸ், நிலத்தடிச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதற்காகக் கையால் இயக்கும் தெளிப்புப் பம்பு ஒன்றை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் துகள்களாகச் செலுத்தும் கருவியை வடிவமைத்திருந்தார். அவருடைய மகன் தாமஸ் அதே கொள்கையைப் பெயிண்டுக்குப் பொருத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழுத்தக் காற்றால் இயங்கும் தெளிப்புத் துப்பாக்கியை உருவாக்கினார். பிங்க்ஸின் பம்பு தெளித்தது நீரில் கரைத்த வெள்ளைப்பூச்சு என்பது கருதத்தக்கது. பெயிண்ட் தெளிப்பின் வரலாறு நீரில் தொடங்கி, இடையில் நீரை விட்டு வெகுதூரம் விலகிச் சென்று, மீண்டும் நீருக்கே திரும்பியிருக்கிறது.

அந்த விலகலுக்குக் காரணம் ஒரு வெடிமருந்து. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்துப் பெறப்படும் நைட்ரோசெல்லுலோஸ், முதல் உலகப் போரில் புகையில்லா வெடிமருந்துக்காகப் பேரளவில் உற்பத்தியானது. போர் முடிந்ததும் அந்த ஆலைகளுக்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. கரைப்பானில் கரைத்தால் அது பளபளப்பான மெல்லிய படலமாகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் கரைசல் மிகவும் கெட்டியாக இருந்ததால், ஓடும் பதத்துக்கு நீர்க்கச் செய்யும்போது படலமாக எஞ்சும் பொருள் மிகக் குறைந்துவிட்டது. 1920-ஐ ஒட்டி டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பாகுத்தன்மை குறைந்த நைட்ரோசெல்லுலோஸைப் பெறும் வழியைக் கண்டறிந்தனர். அதிலிருந்து பிறந்த டியூகோ லாக்கர் 1923-இல் அறிமுகமாகி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓக்லாண்ட் கார்களில் முதலில் பூசப்பட்டது. வாரக்கணக்கில் நீண்ட கார்ப் பூச்சு வேலை மணிக்கணக்கில் முடியலாயிற்று. மரச்சாமான் ஆலைகளும் விரைவில் அதைப் பின்பற்றின.

லாக்கர் தூரிகைக்கு ஏற்ற பொருளன்று. தூரிகை மறுமுறை வருவதற்குள் காய்ந்துவிடும். ஆதலால் லாக்கர் பரவிய இடமெல்லாம் தெளிப்புத் துப்பாக்கியும் கம்ப்ரஸரும் உடன் பரவின. சில நிமிடங்களில் தூசி ஒட்டாத நிலை, அரை மணியில் அடுத்த அடுக்கு, கீறல் விழுந்தால் அதே லாக்கரைத் தெளித்துக் கரைத்துச் சரிசெய்யும் வசதி என்னும் பண்புகள், மரப்பூச்சு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே உருவாக்கின. இந்தியப் பட்டறைகளிலும் தச்சர்களிடமும், எந்த நிறுவனத்தின் சரக்காயினும், துப்பாக்கியால் அடிக்கும் ஒளிபுகா வண்ணம் டியூகோ என்றே இன்றும் வழங்குவது அதன் செல்வாக்குக்குச் சான்று. ஆனால் தெளிக்கும் பதத்தில் இருந்த லாக்கரில் நாலில் ஒரு பங்கு அளவே படலமாக எஞ்சியது. மீதி முழுவதும் தின்னர் என்னும் கரைப்பானாக ஆவியாகிப் பட்டறைக் காற்றில் கலந்தது. தீ விபத்துக்கும் தொழிலாளரின் உடல்நலக் கேட்டுக்கும் அந்த ஆவி வழிவகுத்தது. பளபளப்பான மேசைக்குச் செலுத்தப்பட்ட இந்த விலை, அதை வாங்கியவர்களின் கண்ணுக்கு நெடுங்காலம் படவேயில்லை.

நீர்வழிப் பெயிண்டின் நவீனக் கிளை இன்னொரு போரிலிருந்து பிறந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் சீவிய மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களும் 1942-இல் ஜப்பானியர் வசமானதும், அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்ய முனைந்தது. ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்னும் இரு வேதிப்பொருள்களை நீரில் பால்மமாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் நீரில் மிதக்கும் நிலையில், இணைத்து உருவாக்கப்பட்ட பொருளின் பயன்பாடு போருக்குப் பின் பெயிண்டுக்கும் விரிந்தது. 1948-இல் கிளிடன் நிறுவனம் ஸ்பிரெட் சாட்டின் என்னும் பெயரில் இவ்வகைச் சுவர்ப் பெயிண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953-இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம், மஞ்சளாகாத, வெயில் தாங்கும் அக்ரிலிக் பால்மத்தைப் பெயிண்ட் தயாரிப்பாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது. நாற்றம் குறைவு, தூரிகையை நீரிலேயே கழுவலாம் என்பதால் இல்லத்தார் இதை விரும்பி ஏற்றனர்.

இப்பெயிண்ட் காயும் முறை லாக்கரிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. லாக்கரில் பலபடி (பாலிமர்) மூலக்கூறுகள் கரைப்பானில் முழுதாகக் கரைந்திருக்கும். கரைப்பான் பறந்ததும் அவை தாமாகவே ஒரே படலமாகும். பால்மத்திலோ பலபடி தனித்தனிப் பிசின் உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. நீர் வற்றும்போது உருண்டைகள் நெருங்கி, அழுந்தி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் படலம் உருவாகும். அறை வெப்பத்தில் அவ்வாறு சேர வேண்டுமானால் உருண்டை மென்மையாக இருக்க வேண்டும். மென்மையான உருண்டையிலிருந்து மென்மையான படலமே கிடைக்கும். கடினமான பலபடியைத் தேர்ந்தால் உருண்டைகள் சேராமல் படலம் வெடித்துப் பொடியாகும். சுவருக்கு மென்மை குறையன்று. அது சிறு விரிசல்களுக்கு ஈடுகொடுத்து நெளிகிறது. அதே பெயிண்டை அலமாரிக்கு அடித்தால், மாதங்கள் கழிந்த பின்னும் மூடிய கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு உரிந்து வரும். சுவர் எமல்ஷனை மரச்சாமானுக்குப் பயன்படுத்தலாகாது என்ற அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

இந்நிலையில் நீர்வழிப் பூச்சை மரத்துக்கு இழுத்து வந்த நிகழ்வுகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கின. அந்நகரைச் சூழ்ந்த கண் எரிச்சலூட்டும் புகைமூட்டம், கரிம ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனாவதால் உண்டாகிறது என்பதைக் கால்டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். கார்ப்புகையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் முதலில் பொறுப்பாக்கப்பட்டன. தின்னரும் அதே வகைக் கரிம ஆவி என்பதால் 1966-இல் விதி 66 என்னும் கட்டுப்பாடு கரைப்பான்களின் மீதும் வந்தது. 1983-இல் அப்பகுதியின் காற்றுத்தர நிர்வாகம் மரப்பூச்சுகளுக்கெனவே விதி 1136-ஐ இயற்றி, ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் அளவைப் படிப்படியாகக் குறைத்தது. சாதாரண லாக்கரில் லிட்டருக்கு 700 கிராம் அளவில் இருந்த இச்சேர்மங்கள் பின்னாளில் 275 கிராமுக்குள் அடங்க வேண்டுமென்றானபோது, பழைய வகை லாக்கருக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. மரச்சாமான் நிறுவனங்கள் சில மெக்சிகோவுக்கு இடம்பெயர்ந்தன. இப்பெயர்ச்சியை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1991-இல் தனி அறிக்கையாகவே ஆராய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் கொணர்ந்த நெறிமுறை, கட்டடங்களின் மர, உலோகச் சட்டங்களுக்கான நீர்வழிப் பூச்சுக்கு 2010 முதல் லிட்டருக்கு 130 கிராம் என்ற வரம்பை வகுத்தது.

சட்டம் துப்பாக்கியையும் மாற்றியது. மிகுந்த காற்றழுத்தத்தில் இயங்கிய பழைய துப்பாக்கியில் பெயிண்டின் பெரும்பகுதி பொருளில் படாமல் மூடுபனியாகப் பறந்து வீணாயிற்று. முனையில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தத்தில், ஆனால் மிகுந்த அளவு காற்றோடு தெளிக்கும் முறையைக் கலிபோர்னிய விதிகள் முன்னிறுத்தின. எச்.வி.எல்.பி. என்னும் எழுத்துகளால் கடைகளில் அறியப்படுவது இதுவே. வீட்டிலேயே மரச்சாமான்களுக்கு வண்ணமடிப்போரிடம் இன்று பரவலாகக் காணப்படும் சிறு டர்பைன் கருவிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. குறைந்த அழுத்தம் கெட்டியான பெயிண்டை நுண்துளிகளாகச் சிதைக்கத் தடுமாறுவதால், லாக்கருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை போதுமாயிருந்த இடத்தில் நீர்வழி வண்ணத்துக்கு 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் முனை வேண்டியதாகிறது. பெயிண்டில் வரம்பின்றி நீர் கலந்து இச்சிக்கலைத் தீர்க்க முயல்வது படலத்தையே குலைத்துவிடும்.

முதல் தலைமுறை நீர்வழி மரப்பூச்சுகள் பட்டறைகளில் நற்பெயர் பெறவில்லை என்றால் அதில் நியாயம் இருந்தது. நீர் பட்டதும் மரநார் உப்பி நிமிர்ந்து பரப்பு சொரசொரப்பாயிற்று. ஆகவே முதல் அடுக்குக்குப் பின் உப்புத்தாள் இட்டுத் தேய்ப்பது தவிர்க்க முடியாத வேலையானது. நீரின் பரப்பு இழுவிசை பெரும்பாலான கரைப்பான்களைவிட இரு மடங்குக்கும் மேலாதலால், துளி எண்ணெய்ப் பசை இருந்த இடத்திலும் பூச்சு விலகிக் குழி விழுந்தது. ஓக் முதலிய மரங்களின் டானின், அதாவது துவர்ப்புச் சத்து, நீரில் கரைந்து மேலேறி வெள்ளைப் பூச்சில் மஞ்சள் கறையாகப் படிந்தது. இக்கறையை மறிக்க அடியில் அரக்குப் பிரைமர் பூசுவது இன்றுவரை நம்பத்தக்க வழியாக நிலைத்திருப்பதால், நீர்வழிப் பூச்சின் காலத்திலும் அரக்குக்கு வேலை இருக்கிறது.

மென்மைச் சிக்கலுக்கு வேதியியல் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தந்தது. உருண்டைகளைத் தற்காலிகமாக இளக்கிச் சேர்த்துவிட்டுப் பின் மெல்ல ஆவியாகும் துணைக் கரைப்பானைச் சிறிதளவு கலப்பது முதல் விடை. ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937-இல் தொடங்கிவைத்த பாலியூரித்தேன் ஆய்வு, 1960-களில் அதை நீரில் நுண்துகள்களாக நிலைநிறுத்தும் முறைக்கு இட்டுச்சென்றது; தேய்மானத்தைத் தாங்கும் படலம் அதனால் கைகூடியது. நீர் வற்றிய பின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குறுக்குப் பிணைப்பு எல்லாவற்றிலும் முக்கியமானது. இது பெயிண்டுக்குள்ளேயே அமைந்திருக்கலாம், அல்லது தெளிக்கும் முன் கலக்கும் இரண்டாம் பொருளால் நிகழலாம். ஆளிவிதை எண்ணெய் போலவே ஆக்சிஜனால் இறுகும் அல்கைடு பிசினை நீரில் பால்மமாக்கிய பூச்சுகளும் வந்தன. இவை நன்றாகப் பரவிச் சமன்படும், ஆனால் இறுக நாளாகும், வெள்ளை நிறம் காலப்போக்கில் சற்று மஞ்சளாகும்.

ஆகவே டின்னின் மீது நீர்வழி என்றிருப்பது மட்டும் தேர்வுக்குப் போதாது. படலமாகும் பிணைப்பான் எது, குறுக்குப் பிணைப்பு உண்டா, மூடிய கதவு ஒட்டாத தன்மைக்குச் சோதிக்கப்பட்டதா, எந்த முனையில் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்னும் செய்திகளைத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் தேடிப் படிப்பதே முறையாகும். அலமாரிக்கு, தானே குறுக்குப் பிணைப்பு கொள்ளும் அக்ரிலிக் அல்லது அக்ரிலிக்-பாலியூரித்தேன் கலவை பெரும்பாலும் தக்க தேர்வு. நாள்தோறும் நீர் படும் இடத்துக்கு இரு பொருள் கலவையே உறுதியானது. இரண்டாம் பொருளாக ஐசோசயனேட் சேர்வதாயின், நீர்வழி என்ற பெயரை நம்பிப் பாதுகாப்பில் தளர்வது தவறு. அதன் துளிகளை மூச்சில் ஏற்றால் ஆஸ்துமா உண்டாகக்கூடும் என்பதால் தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் கட்டாயம். தமிழகக் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் பூச்சைவிட்டு எளிதில் வெளியேறாது. அந்நாள்களில் மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, அடுக்குகளுக்கிடையே கூடுதல் நேரம் விட வேண்டியிருக்கும். டின்னில் அச்சிடப்படும் இரண்டு மணி நேரம் என்பது தொட்டால் ஒட்டாத நிலையை மட்டுமே குறிக்கும். முழு இறுக்கத்துக்குப் பெரும்பாலான நீர்வழிப் பூச்சுகள் மூன்று, நான்கு வாரங்கள் எடுத்துக்கொள்வதால், அதுவரை கதவுகளுக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு ரப்பர்ப் பொட்டுகளை ஒட்டி வைப்பதும், ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பதைத் தவிர்ப்பதும் நல்லது.