படையளவும் ஆட்ட நேரமும்: பொம்மைப் போர் விளையாட்டில் ஒரு பழைய கணக்கின் வரலாறு

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில், ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பேசி முடிக்க வேண்டியவை இரண்டு: படை எவ்வளவு பெரியது, ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம். இவை தனித்தனிக் கேள்விகள்போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஏனெனில் மேசையில் கூடுகிற ஒவ்வொரு பொம்மையையும் யாரேனும் கையால் எடுத்து, தூரம் அளந்து, நகர்த்தி வைத்தாக வேண்டும். இந்த உறவு 1913-லேயே விதியாக எழுதப்பட்டுவிட்டது என்பதும், பின்னர் வந்த புள்ளிக் கணக்கு அதைப் பின்னுக்குத் தள்ளியது என்பதும், அண்மைக் கால விதிகள் பல அதையே வேறு வழிகளில் மீட்க முயல்கின்றன என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரித்து உருவாக்கிய போர் விளையாட்டின் பலகையில் 1,617 கட்டங்கள் இருந்தன. பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை 1812-இல் அரசருக்குக் காட்டிய வடிவத்தைத் திருத்தி, 1824-இல் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற பெயரில் வெளியிட்ட விதிகள் கட்டங்களைக் கைவிட்டு, 1:8000 அளவிலான நிலப்படத்துக்கு மாறின. அதில் ஒரு 'முறை' என்பது போர்க்களத்தில் கழியும் இரண்டு நிமிடத்தைக் குறித்தது. அந்த இரண்டு நிமிடம் படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு வரம்பிட்டதேயன்றி, ஆடுபவர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதற்கு அன்று. படையின் அளவையும் ஆடுவோர் தேர்ந்தெடுக்கவில்லை. கற்பனைப் போர்ச்சூழல் ஒன்றை வகுத்த நடுவரே அதைத் தீர்மானித்தார். அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதே நோக்கமாக இருந்ததால், இரு தரப்பும் சமபலத்தோடு இருக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

ஆடுபவரின் நேரத்தை முதன்மையான கேள்வியாக்கியது எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறுநூல். வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, மரக்குச்சியைக் குண்டாக எறியும் ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் அந்த ஆட்டத்தில், ஒரு முறைக்குரிய நேரம் படையின் எண்ணிக்கையிலிருந்தே கணக்கிடப்பட்டது: முப்பது ஆட்களுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் மேலும் ஒரு நிமிடம். 110 ஆட்களும் 3 பீரங்கிகளும் கொண்ட படைக்கு ஏழு நிமிடம் தாராளம் என்பது அவரே தரும் எடுத்துக்காட்டு. ஆடவிருப்பவர் தம் பின் எல்லைக்கு ஒரு கஜம் தள்ளி விறைத்து நிற்க வேண்டும். நேரம் காப்பவர் குரல் கொடுத்ததும் தொடங்கி, மறுகுரல் கேட்ட நொடியில் கையிலிருப்பதை விட்டுவிட வேண்டும். ஆட்கள் மடிய மடிய நேரமும் குறைக்கப்படும் என்பதே இவ்விதியின் மிக நுட்பமான கூறு. சராசரியாகப் பார்த்தால் ஓர் ஆளுக்கு இரண்டு நொடி கிடைக்கிறது. காலாளை ஓர் அடி, குதிரை வீரனை இரண்டு அடி என நகர்த்துவதோடு வேலை முடிந்துவிடும் ஆட்டத்தில் அது நியாயமான அளவே.

புள்ளி என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு, ஆனால் அங்கே அது முடிவில் எண்ணப்படுவது: பீரங்கிக்கு 10, எஞ்சிய குதிரை வீரனுக்கு ஒன்றரை, காலாளுக்கு ஒன்று. பின்னாளில் இக்கணக்கு ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு இடம் மாறியது. 1940-இல் அமெரிக்கரான ஃப்ளெட்சர் பிராட் வெளியிட்ட கடற்போர் விதிகள், பீரங்கிகளின் அளவு, கவசத்தின் தடிப்பு, வேகம் முதலியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் மதிப்பெண் கண்டன. இங்கிலாந்தில் பழங்காலப் போர்களுக்கான விதிகளை 1969 முதல் வெளியிட்ட வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், வீரனின் ஆயுதம், கவசம், பயிற்சி ஆகியவற்றுக்கேற்ப புள்ளிகளில் விலை குறித்து, ஒப்புக்கொண்ட மொத்தப் புள்ளிக்குள் படை திரட்டும் முறையைப் பரப்பியது. முன்பின் அறியாத இருவர் போட்டிக் கூடத்தில் சந்தித்து, நடுவர் வகுக்கும் சூழல் ஏதுமின்றிச் சமமாக மோத இது வழிவகுத்ததால், இதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால் புள்ளி அளந்தது படையின் வலிமையை மட்டுமே. அதை நகர்த்த ஆகும் நேரத்தை அன்று. மலிவான நூறு காலாட்களும் விலை மிகுந்த பத்துக் கவச வீரர்களும் ஒரே புள்ளிக்கு வரக்கூடும். முன்னதை நகர்த்துபவரின் கைக்கோ பத்து மடங்கு வேலை.

இச்சிக்கலுக்கு மிகத் துணிவான விடையாக அமைந்தது, ஃபில் பார்க்கரும் ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டும் இணைந்து 1990-இல் வெளியிட்ட டி.பி.ஏ. என்னும் விதித்தொகுப்பு. அது புள்ளியையே ஒதுக்கிவிட்டு, எந்தப் படையானாலும் பன்னிரண்டு பிரிவுகள்தான் என வரையறுத்தது. பல பொம்மைகளை ஒரே அட்டையில் ஒட்டிய தொகுதியே இங்கு ஒரு பிரிவு. நான்கு பிரிவுகளை இழப்பது தோல்விக்கு வழிவகுக்கும் என்றும் வைத்ததால் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. யானைப்படையும் ரோமானியக் காலாட்படையும் எண்ணிக்கையில் சமமாக நிற்பது வலிமைக் கணக்கில் குறையுடையதுதான். ஆயினும் இரு கைகளுக்கும் ஒரே அளவு வேலை என்ற நேர்மை அதில் இருந்தது.

வணிக நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வரலாறு இதற்கு மாறான திசையில் சென்றது. 1987-இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' புள்ளிமுறையைப் பரவலாக்கியது. அதே நிறுவனம் 2015-இல் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற ஆட்டத்தைப் புள்ளியே இல்லாமல், கையிலுள்ள பொம்மைகளை விரும்பியபடி நிறுத்தலாம் என்று வெளியிட்டபோது, சமநிலையை எதைக்கொண்டு அளப்பது என்று ஆடுவோர் திகைத்தனர். அடுத்த ஆண்டே புள்ளிகள் தனி நூலாகத் திரும்பி வந்தன. இதைவிட முக்கியமான மாற்றம் 2020-இல் வந்த 40,000-இன் ஒன்பதாம் பதிப்பில் நிகழ்ந்தது. 500 புள்ளிக்கு ஒரு மணி, 1,000-க்கு இரண்டு மணி, 2,000-க்கு மூன்று மணி, 3,000-க்கு நான்கு மணி எனப் படையளவையும் நேரத்தையும் ஒரே அட்டவணையில் அது அருகருகே வைத்தது. 1,000 புள்ளி 2,000 ஆகி இரண்டு மடங்காகும்போது நேரம் இரண்டு மடங்காவதில்லை என்பது இவ்வட்டவணையிலேயே தெரிகிறது. ஒவ்வொரு பொம்மையும் நகர்ந்து, சுட்டு, கைகலந்து, ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டப்படும் ஆட்டத்தில் பெரிய படைகள் அந்த நேரத்துக்குள் அடங்குவது கடினம்.

போட்டிகள் கடிகாரத்தை நாடியது இதனால்தான். 1883-இல் லண்டன் சதுரங்கப் போட்டியில் பயன்பட்ட இரட்டைக் கடிகாரத்தின் வழித்தோன்றல், 'வார்மெஷின்' என்னும் ஆட்டத்தின் போட்டி விதிகளில் 'டெத்கிளாக்' என்ற பெயரில் நுழைந்தது. தம் பங்கு நேரத்தைத் தீர்த்துவிட்டவர், களத்தில் எவ்வளவு முன்னணியில் இருந்தாலும் தோற்றவராவார். வேண்டுமென்றே காலம் கடத்துவதை இது ஒழித்தது என்பது பெரிய நன்மை. ஆனால் சதுரங்கத்தில் இரு தரப்பிலும் காய்கள் பதினாறுதான், இங்கு அப்படியல்ல. பத்துப் பொம்மை வைத்திருப்பவருக்கும் நூறு வைத்திருப்பவருக்கும் ஒரே நேரத்தைப் பங்கிடும் கடிகாரம், திரள்படையை விரும்புபவருக்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு கூடுதல் விலையை விதிக்கிறது. ஆள் எண்ணி நிமிடம் கொடுத்து, ஆள் விழும்போது நிமிடத்தையும் குறைத்த வெல்ஸின் விதியில் அந்த விலை இல்லை.